அரும்பு வேறு, புடைப்பு வேறு: மூஞ்சூறின் நாக்குக்குச் சில சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாக்கின் மேல் எழுந்து நிற்கும் சிறு முனைகளை ஆங்கிலத்தில் பாப்பில்லா (papilla) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். 'நாவரும்பு' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா நேற்று எழுதியிருந்தார். பழகிய சொல்தான், காதுக்கும் இனிமை. ஆனாலும் எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று மூஞ்சூறின் நாக்கை வைத்தே சொல்கிறேன்.

அந்த நாக்கை நுண்ணோக்கியில் பார்த்தால், பரப்பு முழுக்கக் கூரான முனைகள் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். நுனியில் கெரட்டின் (நகத்தில் இருக்கும் அதே புரதம்) ஏறிக் கெட்டிப்பட்டிருக்கும். பிடித்த பூச்சி வழுக்கிவிடாமல் உள்ளே தள்ள இவை உதவுகின்றன. சுவையறியும் செல் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. நடுநடுவே காளான் குடைபோல உருண்டு நிற்கின்றனவே, அவற்றின் உச்சியில்தான் சுவையறியும் செல்களின் கொத்தான சுவை அரும்பு பதிந்திருக்கிறது. இரண்டையும் அரும்பு என்றால், 'இந்த அரும்பில் அரும்பு இல்லை' என்று எழுத வேண்டிவரும். படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

இன்னொரு பரிந்துரையான 'நுண்காம்பு' லத்தீன் மூலத்துக்கு நெருக்கமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே இருக்கும் பகுதிக்குத் தேவைப்படுகிறது. மேற்படலத்தை வேதிமுறையில் அகற்றிவிட்டு மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அப்போது இணைப்புத் திசுவாலான தண்டு மட்டும் நிற்கும். வெளியே ஒற்றை முனையாகத் தெரிந்தது உள்ளே பல கிளையாகப் பிரிந்திருப்பதும் உண்டு. அந்தத் தண்டைக் காம்பு என்போம்.

ஆகவே வெளியே தெரிவதற்கு 'நாப்புடைப்பு' என்பது என் பரிந்துரை. புடைப்பு என்றால் அடிபட்ட வீக்கம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். புடைப்புச் சிற்பம் என்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். கல்லை விட்டுப் பிரியாமல் கல்லிலிருந்தே எழுந்து நிற்பது. இதுவும் அப்படித்தான்.

வகைகளில் காளான் புடைப்பு, நாக்கின் ஓரத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும் இலைப் புடைப்பு இரண்டிலும் சிக்கலில்லை. கூர்முனை வகைக்கு 'முட்புடைப்பு' என்று சொல்ல ஆசை. ஆனால் மனித நாக்கில் அவை மெல்லிய இழைகளாகவே இருக்கின்றன. எல்லா விலங்குக்கும் ஒரே சொல் வேண்டும் என்பதால் 'இழைப்புடைப்பு' என்பதற்கே இணங்குகிறேன்.

நான் விட்டுக்கொடுக்காதது நாக்கின் பின்பகுதியில் இருக்கும் பெரிய வகை. 'மதில்சூழ் புடைப்பு' என்று தோழி எழுதியிருந்தார். லத்தீனில் மதில்தான், சரி. ஆனால் வேலை நடப்பது மதிலில் அல்ல, புடைப்பைச் சுற்றி ஓடும் பள்ளத்தில். கரைந்த உணவு அங்கே இறங்குகிறது, பள்ளத்தின் பக்கச் சுவரில் சுவை அரும்புகள் வரிசையாக இருக்கின்றன, அடியில் எப்னர் சுரப்பிகள் என்ற சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் நீர்த்த உமிழ்நீரைவிட்டுப் பழைய சுவையைக் கழுவிவிடுகின்றன. நீர் நிற்கும் பள்ளத்துக்கு நம்மிடம் அகழி என்ற சொல் இருக்கும்போது வேறெங்கே தேட வேண்டும்? 'அகழிப் புடைப்பு' என்போம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "மனித நாக்கில் அகழிப் புடைப்புகள் 8 முதல் 12 வரை இருக்கும், மூஞ்சூறுக்கு இரண்டு, எலிக்கு ஒன்றே." தடையில்லாமல் ஓடுகிறது. மூஞ்சூறு எலி இனமல்ல என்பதும் கூடவே புரிந்துவிடுகிறது.

அப்புறம் ஒன்று. எப்னர் சுரப்பியை ஆள்பெயரோடே விடலாமா, 'அகழிச் சுரப்பி' என்று மாற்றலாமா? எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.