கட்டுக்காசு அட்டையில் நான் படித்த சட்டம்

நுண்கடன் ஒழுங்குமுறை பற்றிய சட்ட ஆய்வுக்காகச் சென்ற ஆண்டு மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் பல வீடுகளுக்குப் போயிருந்தேன். 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டத்தை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் போனேன். ஆயினும், ஓர் அம்மா சீலைப்பைக்குள் இருந்து எடுத்துத் தந்த, கடன் தவணைகளைக் குறிக்கும் கட்டுக்காசு அட்டைதான் அந்தச் சட்டம் எங்கே கைவிடுகிறது என்பதைக் காட்டியது.

கடன் 50,000 ரூபாய். கிழமைக்கு 1,192 ரூபாய் வீதம் 52 கிழமைகள் கட்ட வேண்டும். "வட்டி இருபத்துநாலு எண்டுதான் சொன்னவங்க மகள்" என்றார். கிழமைதோறும் கடன் முதல் குறைந்துகொண்டே போக, வட்டியை மட்டும் முழு 50,000 ரூபாய்க்கும் போட்டிருந்தார்கள். திண்ணையில் இருந்தபடியே கணக்குப் பார்த்தேன்: உண்மையான வருடாந்த வட்டி ஏறத்தாழ 55 சதவீதம். தன் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்களின் நுண்கடனுக்கு மத்திய வங்கி 2018 இறுதியில் விதித்த உச்சவரம்பு 35 சதவீதம். ஆனால், 2016 சட்டத்தின் உரிம ஏற்பாடு மக்களிடம் வைப்புப் பணம் பெறும் நிறுவனங்களைச் சுற்றியே எழுதப்பட்டது. இவருக்குக் கடன் கொடுத்த நிறுவனமோ வைப்புப் பெறுவதில்லை, கடன் மட்டுமே கொடுக்கிறது; அதனால் அந்த உச்சவரம்பு அதைக் கட்டுப்படுத்தவில்லை. கடன் வாங்குகிறவரை விட்டுவிட்டு வைப்பாளரை மட்டும் காக்கும் சட்டத்தை நுகர்வோர் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், மூன்று மாதங்களுக்கு மேல் நிலுவையில் இருந்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ததைப் பற்றியும் கேட்டேன். அவருக்கு அது கிடைக்கவில்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பேற்கும் கடன்குழு என்பதால், மற்றப் பெண்கள் தன் பங்கையும் கட்ட நேரும் என்று அஞ்சி, தோட்டை அடகு வைத்தும் வேறோர் இடத்தில் கடன் பட்டும் ஒரு கிழமையும் தவறாமல் கட்டியிருக்கிறார். நிலுவையை மட்டுமே அளவுகோலாக வைத்த நிவாரணத்துக்குள், கடனை அடைக்கக் கடன் பட்டவர் அகப்படவில்லை. ஆய்வில் நான் மிக அழுத்தி எழுதிய பகுதி இதுதான்.

ஒப்பந்தத்தின் பிரதி அவரிடம் இருக்கவில்லை. இருவரும் சேர்ந்து கடிதம் எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பினோம். ஒரு மாதம் கழித்துப் பிரதி வந்தது, முழுவதும் ஆங்கிலம். அவர் ஐந்து இடங்களில் தமிழில் கையெழுத்து வைத்திருந்தார். முதற்பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன்.