வெள்ளைக் கோட் போட்டவர் சொல்லிவிட்டால் போதுமா?

கேள்விக்குறி:
ஒரு டாக்டர் வீடியோவில் வந்து மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னாலோ, கொலஸ்ட்ரால் மாத்திரை எல்லோருக்கும் தேவையா என்று கேட்டாலோ, அந்த டாக்டரை உடனே போலி என்கிறோம். வயிற்றுப் புண்ணுக்குக் கிருமிதான் காரணம் என்று ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் சொன்னபோதும் நம்ப ஆளில்லை. 1984-இல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்தார். 2005-இல் நோபல். தென்னாப்பிரிக்க டாக்டர் டிம் நோக்ஸ், குழந்தைக்கு மாவுச்சத்துக் குறைந்த உணவு ஊட்டலாம் என்று 2014-இல் ஒரே ஒரு ட்வீட் போட்டார். மருத்துவக் கவுன்சில் விசாரணை இழுத்து, 2017-இல்தான் குற்றமில்லை என்றார்கள். ஒரு ட்வீட்டுக்கு மூன்று வருஷம்!

அரைமாத்திரை:
மார்ஷலை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது போல. சரி, முழுசாகச் சொல்லுங்கள். குடித்த சில நாளில் வாந்தி. எண்டோஸ்கோப்பியில் வயிற்றின் உட்சுவர் அழற்சி கண்டிருந்தது. 1985-இல் மருத்துவ இதழில் எழுதினார். மற்றவர்களும் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

ஊசியால் ஆட்டிசம் வரும் என்று கிளப்பிவிட்ட பிரிட்டிஷ் டாக்டர் வேக்ஃபீல்ட் செய்தது வேறு. 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை. எம்.எம்.ஆர். ஊசிக்கும் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் ஒரே கூட்டு ஊசி) அந்தக் குழந்தைகளின் கோளாறுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்ததும் கூட்டு ஊசி வேண்டாம், தனித்தனியாகப் போடுங்கள் என்றார். ஊசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போட இருந்த வக்கீலிடம் பணம் வாங்கியிருந்ததும் பிறகு வெளியே வந்தது. 2010-இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, டாக்டர் பதிவும் போயிற்று. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பார்த்து 2019-இல் வந்த ஆய்விலும் ஆட்டிசத்தோடு தொடர்பு இல்லை.

கேள்விக்குறி:
வேக்ஃபீல்டைக் காப்பாற்ற நான் வரவில்லை. வயாக்ஸ் என்ற வலி மாத்திரையை மறந்துவிட்டீர்களா? மாரடைப்பு ஆபத்தால் 2004-இல் அதைத் தயாரித்த மெர்க் நிறுவனமே திரும்பப் பெற்றது. அதுவரை டாக்டர்கள்தானே எழுதிக் கொடுத்தார்கள்?

ஊசிக்காரி:
நடுவில் வருகிறேன், நான் நர்ஸ். குழந்தைகளின் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான ரோட்டாஷீல்டு தடுப்பு மருந்து 1998-இல் வந்தது, 1999-இல் நின்றது. காரணம் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துவிடுவது), ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு. பக்கவிளைவுப் பதிவேட்டில் சேர்ந்த புகார்களை வைத்துத்தான் பிடித்தார்கள். சலிப்பூட்டும் வேலைதான். வீடியோ போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்விக்குறி:
அதையும் டாக்டர்கள் சொல்ல வேண்டாமா? கிளினிக்கில் மூன்று நிமிஷத்தில் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். வீடியோ டாக்டர் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து பேசுகிறார். ஜனங்கள் எங்கே போவார்கள்?

அரைமாத்திரை:
இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். என் அப்பாவும் அப்படித்தான் வீடியோ டாக்டர் பக்கம் போனார். இதய ரத்தக்குழாயில் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். நாலு மாதம் கழித்து மூக்குக்கண்ணாடியைத் தேடி அலமாரியைத் திறந்தால், கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் பிரிக்காத கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டைகள். "டாக்டரே சொல்றாருடா" என்றார். நானும் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தேன். அவர் பேசியது இதய நோய் இல்லாதவர்களைப் பற்றி. அதில் விவாதம் உண்டுதான். ஏற்கெனவே நோய் வந்தவர்கள் கதை வேறு. 4,444 இதய நோயாளிகளை வைத்து 1994-இல் வந்த ஸ்கேண்டிநேவிய ஆய்வில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 12 சதவீதம் இறந்தார்கள், சிம்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டவர்களில் 8. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஸ்டென்ட் வைத்தவரா என்று அந்த நாற்பது நிமிஷத்தில் அவர் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது.

கேள்விக்குறி:
அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

அரைமாத்திரை:
மாத்திரை போடுகிறார். வீடியோவும் பார்க்கிறார்.