கலைச்சொல்: ஏர்லாக் – பூட்டா, அடைப்பா, போக்கியா?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குபவர் முதலில் என்னென்ன வாங்க வேண்டும் என்று தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது ஒஹாயோவில். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு இங்கே பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், பெரியவர்கள் இருவரோ மேலோ இருந்தால் 200 கேலன் வரை சொந்தத் தேவைக்கு வரியில்லாமல் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அங்கிருந்து படிப்பவர்கள் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான சாமான்களுக்குச் சொல் பிரச்சினை இல்லை. 5 கேலன், அதாவது 19 லிட்டர் காய்ச்சுவதுதான் இங்கே வழக்கம். அதற்கு 25 லிட்டர் பிடிக்கும், உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் வாளி ஒன்று. 'நொதிகலம்' என்று எழுதியிருக்கிறேன். சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்கத் திரவமானி. பால் சொசைட்டியில் பாலுக்குள் போட்டுப் பார்ப்பார்களே, அதன் உறவுதான். வாளியிலிருந்து பாட்டிலுக்கு மாற்ற வடிகுழாய். 50 பாட்டில், அவற்றுக்குச் சோடா மூடி, மூடியை அழுத்த ஒரு கைக்கருவி. கொதிக்க வைக்க 12 லிட்டருக்குக் குறையாத ஒரு பானை. எல்லாவற்றுக்கும் முன்னால், கிருமிநீக்கி. புதிதாக வருபவர்கள் பளபளப்பான பானைக்குச் செலவழித்துவிட்டு இதில் சிக்கனம் பிடிக்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பானையை வீட்டுச் சமையலறையிலிருந்தே எடுக்கலாம்.

மாட்டிக்கொண்டது ஏர்லாக்கில். ஒரு டாலர், இரண்டு டாலர் பெறும் பிளாஸ்டிக் துண்டு. வாளி மூடியில் சிறு ஓட்டை, அதில் ரப்பர் வளையம், வளையத்தில் இதைச் செருக வேண்டும். பாதி வரை தண்ணீர் ஊற்றினால் உள்ளே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு 'பொளக், பொளக்' என்று வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது. அகராதியைப் புரட்டாமல் 'காற்றுப்பூட்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

* * *

கோயம்புத்தூரிலிருந்து:

தம்பி, இது எங்கள் தொழிலில் தினமும் பார்ப்பது. கழிவறைக் கோப்பையின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறதே, சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அதுதான். பிளம்பர்கள் வாட்டர் சீல் என்பார்கள். வேலை ஒன்றுதான் என்பதால் 'நீரடைப்பு' என்றே வைத்துவிடலாம்.

'காற்றடைப்பு' மட்டும் வேண்டாம். தோட்டத்து மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாமல் குழாய்க்குள் காற்று பிடித்துக்கொள்வதைத்தான் எங்கள் ஊரில் ஏர் லாக் என்கிறோம். அது கோளாறு. நீங்கள் சொல்வது காசு கொடுத்து வாங்குகிற பொருள்.

* * *

தஞ்சாவூரிலிருந்து:

நீரடைப்பு என்றால் எங்கள் வைத்தியர் சிறுபீளையா, நெருஞ்சில் கஷாயமா என்று கேட்பார். சிறுநீர் கட்டிக்கொள்வதற்குச் சித்த மருத்துவத்தில் அதுதான் பெயர். பீர் குடிப்பவர்களுக்கு அந்தப் பெயர் வேண்டாம் ஐயா.

ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்' என்று வருகிறது. வீட்டில் அட்ட, அதாவது சமைத்த கள். தம்பியின் கையேட்டுக்குத் தலைப்பே அதுதான். 'பீர் காய்ச்சுவது' என்றால் சாராயம் காய்ச்சுகிற ஞாபகம் வருகிறதே என்று யாராவது கேட்டால், அடுதல் இருக்கிறது. அதே பாட்டில் இன்னோர் இடத்தில் செய்முறையே உண்டு. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிய 'துழவை', அதை ஆற வைக்க வாயகன்ற 'பிழா', சேர்த்துப் பிசைய 'நல்லடை' (உரையாசிரியர் இதை முளையை இடித்துச் சேர்ப்பது என்கிறார், இன்றைய மால்ட் மாதிரி), இரண்டு பகலும் இரண்டு இரவும் விளைய விடக் கெட்டியான வாயுடைய 'சாடி', கடைசியில் விரலால் அலைத்து அரித்தெடுப்பது. பானை, ஆற்றும் பாத்திரம், நொதிகலம், வடிப்பது என்று தம்பியின் பட்டியல் பாதி அங்கேயே இருக்கிறது. 'நொதிகலம்' எதற்கு? சாடி என்று போடுங்கள். ஊறுகாய்க்கு இன்றும் புழங்குகிற சொல்தானே.

ஏர்லாக் மட்டும் அந்தப் பாட்டில் இல்லை. இரண்டு நாளில் விளைந்து உடனே குடித்து முடிக்கிற சரக்குக்கு அது தேவைப்பட்டிருக்காது. அதனால் அதற்கு நாம்தான் பெயர் வைத்தாக வேண்டும்.

* * *

ஒஹாயோவிலிருந்து:

ஐயா, துழவையை எடுத்துக்கொள்கிறேன். மாவுத் தானியத்தை வெந்நீரில் கலந்து வைக்கும் கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது. சாடியையும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் பிளாஸ்டிக் வாளியைச் சாடி என்றால் என் மனைவி சிரிப்பாள்.

'பூட்டு' பற்றி இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காரணம் என் முதல் வாளி. படுக்கையறை அலமாரிக்குள் வைத்திருந்தேன், இருட்டு நல்லது என்று. இரண்டாம் நாள் நுரை பொங்கி மேலே ஏறி, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூளோடு ஏர்லாக்கின் குழலை அடைத்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. குமிழ் வரவில்லையே, எங்கோ கசிகிறது போல என்று மூடியை இன்னும் அழுத்தி விட்டேன். இரவு ஒன்றரை மணிக்கு 'டப்' என்று ஒரு சத்தம். மூடி அலமாரியின் மேல்தட்டில் அடித்து விழுந்திருந்தது. தொங்கிக்கொண்டிருந்த மூன்று சட்டைகளில் பழுப்பு நுரை. இட்லி மாவு பொங்கினால் மேடையைத் துடைத்தால் போதும். இது ஒரு வாரம் நாறியது.

அந்தச் சாமானின் பெயரில் பூட்டு இருந்தால், படிப்பவர் நான் செய்ததையே செய்வார். அது மூடுவதற்கான பொருள் இல்லை, வெளியே விடுவதற்கான பொருள். அடுப்பங்கரையில் புகைபோக்கி இருக்கிறது. அதே வார்ப்பில் 'வளிபோக்கி' என்றால்?

* * *

ஸ்காபரோவிலிருந்து:

தம்பி, 'போக்கி' நல்ல சொல். 'வளி'தான் இடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த விஞ்ஞானத்தில் வளி என்றால் சாதாரணக் காற்று. வெளியே போவது காற்று இல்லை, நாங்கள் காபனீரொட்சைட்டு என்று மனப்பாடம் செய்த வாயு. காற்று உள்ளே வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடே. எங்கள் பிள்ளைகள் படித்தால் தலைகீழாக விளங்கிக்கொள்வார்கள்.

'வாயுபோக்கி' என்று வைக்கலாம்தான். ஆனால் அது சாப்பாட்டுக்குப் பிறகு வெந்நீரில் கலந்து குடிக்கிற சூரணத்தின் பெயர் மாதிரி இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிவது என்ன? குமிழ். 'குமிழ்போக்கி' என்று சொல்லிப் பாருங்கள். என்னுடைய மகனும் பியர் செய்கிறவன். அவனிடம் விளக்கம் சொல்லாமல் இந்தச் சொல்லை மட்டும் சொன்னேன். 'ஓ, அந்த பொளக் பொளக்கா?' என்றான்.

* * *

கோயம்புத்தூரிலிருந்து:

நீரடைப்பைத் திரும்பப் பெறுகிறேன், வைத்தியருக்குப் பயந்து.

ஆனால் குமிழ்போக்கியில் ஒரு சிக்கல். பெயரிலேயே குமிழ் இருந்தால், குமிழ் நின்றதும் நொதித்து முடிந்துவிட்டது என்று ஆட்கள் பாட்டிலில் அடைக்கத் தொடங்கிவிட மாட்டார்களா? வாளி மூடி கொஞ்சம் கசிந்தாலே குமிழ் வராதே.

* * *

ஒஹாயோவிலிருந்து:

அண்ணா, அந்தக் கேள்வி சரியானது. முடியாமல் பாட்டிலில் அடைத்தால் அங்கேயும் நொதித்து, கண்ணாடி வெடிக்கும். வாளி மூடி பறந்தால் சட்டைதான் போகும், பாட்டில் வெடித்தால் கண் போகும். முடிந்ததா என்று திரவமானிதான் சொல்ல வேண்டும். வெறும் தண்ணீரில் அது 1.000 காட்டும், சர்க்கரை கூடினால் எண் ஏறும். போன வாரம் என் வாளி 1.050இல் தொடங்கியது. இறங்கி 1.010க்கு வந்து, மூன்று நாளாக அங்கேயே நிற்கிறது. முடிந்தது என்று பொருள், ஏறக்குறைய 5.2 சதவீதம் ஆல்கஹால். குமிழ் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

இதைச் சொல்லிலேயே அடக்கப் பார்த்தால் சொல் ரயில் மாதிரி நீளும். புகைபோக்கி என்ற பெயர் மழை உள்ளே வராது என்று சொல்வதில்லை. கட்டுகிறவர் மேலே ஒரு தொப்பி வைத்துவிடுகிறார். நானும் குமிழ்போக்கிக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுகிறேன். கூடவே இன்னொன்று: உள்ளே ஊற்றுவது வெறும் தண்ணீரை விடக் கிருமிநீக்கி கலந்த நீராகவோ வோட்காவாகவோ இருக்கட்டும். இரவில் குளிர்ந்தால் வாளி உள்பக்கம் உறிஞ்சும். அப்போது பீரில் விழுவது சுத்தமாக இருக்க வேண்டும்.

ஸ்காபரோ அக்கா சொன்ன குமிழ்போக்கியின் வார்ப்பில் இன்னொரு சொல்லும் கிடைத்துவிட்டது. நுரை அதிகம் பொங்கும் முதல் இரண்டு மூன்று நாளில் ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, தடித்த குழாய் ஒன்றை மூடியில் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் மூழ்க விடுவார்கள். அது 'நுரைபோக்கி'. முதலில் நுரைபோக்கி, பொங்கல் அடங்கியதும் குமிழ்போக்கி. அந்த அலமாரிக்குள் இரண்டாவதை மட்டும் வைத்ததுதான் என் தப்பு.

பட்டியலில் இவை இரண்டும் இப்படியே போகட்டும். ஹாப்ஸை மட்டும் ஹாப்ஸ் என்றே விட்டிருக்கிறேன். அதற்கும் சொல் வைக்க வேண்டும் என்று தஞ்சாவூர் ஐயா கிளம்பினால், செடியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும்.