மறு: ‘மனக்குறையர்’ வேண்டாமே – துப்பாக்கிச் சட்டத்துக்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றிய என் கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறேன். முந்தைய மடலில் ஒருவர் எழுதியது:

> ‘மென்ட்டல் டிஃபெக்டிவ்’ என்பதற்கு ‘மனக்குறையர்’ என்றே வைத்துவிடலாம். நேர்பொருள், சுருக்கமும்கூட.

நேர்பொருள் என்பதால்தான் தயங்குகிறேன். யாரிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்று சொல்லும் இடத்தில், 1968-இல் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஏறிய சொல் அது. இன்று நோயாளி முன்னால் அதைச் சொன்னால் வசவு. சட்டத்திலிருந்து எடுக்காமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கறையை நாம் தமிழுக்குப் புதிதாகக் கொண்டுவர வேண்டுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்கு முன்னால் ‘அட்ஜூடிகேட்டட்’ (அதிகாரமுள்ளவர் முடிவு செய்த) என்று ஒரு சொல் நிற்கிறது, சட்டத்தின் உயிரே அதில்தான். நீதிமன்றமோ, வாரியமோ, சட்டப்படி அதிகாரமுள்ள வேறோர் அமைப்போ, ‘மனநோயால் இவர் தமக்கோ பிறருக்கோ ஆபத்தானவர்’ என்றோ, ‘தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாதவர்’ என்றோ முடிவு சொல்லியிருக்க வேண்டும். அல்லது அவர் விருப்பத்தை மீறி மனநல மருத்துவமனையில் சேர்க்க ஆணையிட்டிருக்க வேண்டும். தாமாகப் போய்ச் சேர்ந்தவருக்கும், சும்மா கவனித்துப் பார்க்க வைத்திருந்தவருக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் இந்தத் தடை கிடையாது.

என் கட்டுரை வரைவில் முதலில், ‘மனநல சிகிச்சை பெற்றவர்கள் துப்பாக்கி வாங்க முடியாது’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தம்பி ஒருவன், “மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டாலே பெயர் பட்டியலில் ஏறிவிடுமா அண்ணா?” என்று கேட்டான். ஏறாது. என் வாக்கியம்தான் அவனை அப்படிக் கேட்க வைத்தது.

‘மனநலப் பதிவேடு’ என்பதிலும் இதே கோளாறு. டாக்டர் எழுதிய கோப்பே துப்பாக்கிக் கடை மேசைக்கு வந்துவிடும் என்று தோன்றுகிறது. துப்பாக்கி வாங்க வருபவருக்குத் தடை உண்டா என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 1998 நவம்பர் 30 முதல் நடத்திவரும் உடனடிச் சரிபார்ப்பில் நோயின் பெயரே வராது. ஆளின் பெயர், பிறந்த நாள் போன்ற அடையாளங்களும் எந்த வகைத் தடை என்பதும்தான் இருக்கும். கடைக்காரருக்குக் கிடைப்பது மூன்றே பதில்: கொடுக்கலாம், பொறுங்கள், கொடுக்காதீர்கள். ஆகவே ‘தடைப்பதிவு’ போதும் என்பது என் எண்ணம்.

‘அட்ஜூடிகேட்டட்’ என்று தொடங்கும் முழுத் தொடருக்கும் தலைச்சொல்லாக ‘மனநல ஆணைத்தடை’ எப்படி?

– – –

தம்பி, கருத்து சரி. சொல் ஆகாது.

நீதிமன்ற மொழிபெயர்ப்பில் காலம் தள்ளியவன் சொல்கிறேன்: ‘ஆணைத்தடை’ என்று எழுதினால் வக்கீல் குமாஸ்தா முதற்கொண்டு எல்லோரும் ‘ஸ்டே’ என்றுதான் படிப்பார்கள். தடையாணை, இடைக்காலத் தடை எல்லாம் அந்த அளவுக்கு ஊறிப்போனவை. ‘தகுதி நீக்கம்’ என்றால் சபாநாயகர் நினைவுக்கு வருவார். இங்கே யாரும் தனியாக உட்கார்ந்து நீக்குவதில்லை, ஆணை வந்ததும் தகுதி தானாகப் போகிறது. ‘தகுதியிழப்பு’ அதைச் சொல்கிறது. ‘ஆணைவழித் தகுதியிழப்பு’ என்று வையுங்கள்.

யாராவது நம் 1959 ஆயுதச் சட்டத்தைக் காட்டி ‘சித்தசுவாதீனமற்றவர்’ போதுமே என்பார்கள். அதையும் நோயோடு ஒட்டிவிட முடியாது. மனநோய் இருப்பதை மட்டும் வைத்து ஒருவரை அப்படிக் கொள்ளக்கூடாது, உரிய நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லியாயிற்று.

– – –

நீதிமன்ற மொழிபெயர்ப்பு ஐயா சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முந்தைய மடலில் யாரோ போட்ட ‘கட்டாயச் சேர்க்கை’யைத் தனித் தலைப்பாக வைக்க வேண்டாம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2005 டிசம்பரில் ஒரு மாணவரை, ‘தமக்கே ஆபத்தானவர்’ என்று முடிவு செய்து, வெளிநோயாளியாக சிகிச்சை பெறும்படி ஆணையிட்டார்கள். கூட்டாட்சிச் சட்டப்படி அந்த முடிவே தடைக்குப் போதும். ஆனால் மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆணை வந்தவர்களின் பெயர்களை மட்டும் சரிபார்ப்புப் பட்டியலுக்கு அனுப்பினால் போதும் என்பது மாநிலத்தின் வழக்கம். அதனால் இவர் பெயர் பட்டியலுக்குப் போகவில்லை. 2007-இல் அவர் சரிபார்ப்பைத் தாண்டி இரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கினார். அந்த ஏப்ரல் 16-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக வளாகத்தில் 32 பேரைக் கொன்றார். ஏப்ரல் 30-ஆம் தேதி ஆளுநர் டிம் கெய்ன் ஆணை போட்டு அந்த ஓட்டையை அடைத்தார்.

‘சேர்க்கை’ என்று எழுதினால் நம் வாசகரும் மருத்துவமனைப் படுக்கையைத்தான் தேடுவார். ‘கட்டாய சிகிச்சை ஆணை’ என்றால் மருத்துவமனைச் சேர்க்கை, வெளிநோயாளி சிகிச்சை இரண்டும் அடங்கும்.

– – –

முதல் மடல் எழுதிய நான் முடிக்கிறேன். அப்படியானால்: ஆணைவழித் தகுதியிழப்பு, கட்டாய சிகிச்சை ஆணை, தடைப்பதிவு. மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சரிபார்ப்பு முறைக்காக 2008 ஜனவரியில் கையெழுத்தான திருத்தச் சட்டம், இழந்த தகுதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கும் வழியையும் வைத்தது. அதற்குத் ‘தகுதி மீட்பு’ என்று எழுதியிருக்கிறேன். கடன் மீட்பு, நகை மீட்பு வாடை அடிக்கிறதோ என்று ஒரு சந்தேகம். வேறு சொல் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று இரவு கட்டுரையை ஏற்றுகிறேன்.