"இரண்டாம் அடி" வேண்டாம், "இரண்டாம் முடக்கம்" ஆகட்டும்

அன்பின் நண்பர்களுக்கு, திருகோணமலையிலிருந்து வணக்கம்.

நம் கையேட்டுக்கான கலைச்சொற் பட்டியலில், ஒரு கலத்தில் (செல்லில்) இரண்டு கோளாறுகள் நேர்ந்தால்தான் கட்டி தொடங்கும் என்ற அமெரிக்க ஆய்வாளர் நூட்சனின் கருத்துக்கு "இரண்டடிக் கருதுகோள்" என்று போட்டிருக்கிறீர்கள். மற்றச் சொற்களுக்கெல்லாம் தலையாட்டிவிடுவேன், இதற்கு மாட்டேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையின் உடம்பில் ஒரு கட்டி தெரிந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வியே "எங்கயாவது அடிபட்டவனோ?" என்பதுதான். மூதூரிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வரும் ஒரு தாய், "இரண்டாம் அடி பட்ட கலமே கட்டியாகிறது" என்று வாசித்தால் என்ன நினைப்பார்? மைதானத்தில் பட்ட கிரிக்கெட் பந்தைத்தான். பிறகு டொக்டர் எவ்வளவு விளக்கினாலும் அந்தப் பந்து போகாது.

நூட்சன் 1971இல் இதை எழுதியபோது அவர் கையில் பரம்பரையலகும் (ஜீனும்) இல்லை, ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கும் வளர்ப்புக் கலமும் இல்லை. விழித்திரைக் கட்டி வந்த பிள்ளைகளின் வயதையும், ஒரு கண்ணிலா இரண்டு கண்ணிலுமா என்பதையும் வைத்துக் கணக்குப் போட்டார். கணக்குக்குள் நிகழ்வு ஒன்று, நிகழ்வு இரண்டு என்றிருந்தால் போதும், அதை எந்தப் பெயரால் அழைத்தாலும் ஒன்றுதான். ஆனால் நாம் எழுதப்போகும் கையேடு, நரம்புகளை ஒட்டிக் கட்டிகள் வளரும் நியூரோபைப்ரோமட்டோசிஸ் நோயின் முதல் வகையைப் பற்றியது. அங்கே அந்த நிகழ்வு என்னவென்று தெரியும். 17ஆம் நிறமூர்த்தத்திலுள்ள (குரோமோசோமிலுள்ள) என்எப்1 பரம்பரையலகு 1990இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது செய்விக்கும் புரதம் ராஸ் என்ற வளர்ச்சிச் சைகையை அடக்கி வைப்பது. இந்த நோய் உள்ளவருக்கு, கலத்திலுள்ள அந்தப் பரம்பரையலகின் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறக்கும்போதே வேலை செய்யாது. தோலில் பால்கோப்பி நிறத் திட்டுகள் வரும். நரம்பிழைகளைச் சுற்றி உறையாக இருக்கும் சுவான் கலங்களில் ஒன்றில் மற்றப் பிரதியும் கெட்டால்தான் அங்கே கட்டி தொடங்குகிறது.

இதைக் கண்ணால் காட்டியது வளர்ப்புக் கலங்கள்தான். சத்திரசிகிச்சையில் எடுத்த கட்டியை அப்படியே அரைத்துச் சோதித்தால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் கட்டிக்குள் சுவான் கலம் மட்டுமா இருக்கிறது? இணைப்பிழையத்தை உண்டாக்கும் பைப்ரோபிளாஸ்ட், நோயெதிர்ப்புக்கான மாஸ்ட் கலம், இரத்தக் குழாய்க் கலம் எல்லாம் சேர்ந்த கூட்டம் அது. துண்டுகளை நொதியத்தில் கரைத்துத் தட்டில் போட்டால் பைப்ரோபிளாஸ்ட்தான் வேகமாகப் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுவான் கலங்களுக்கு மட்டும் பிடித்தமான வளர்ப்பூடகம் கொடுத்து, பைப்ரோபிளாஸ்டைக் கழித்து, பொறுமையாகப் பிரித்தெடுத்த பிறகுதான் விஷயம் தெளிந்தது: ஒரே கட்டியிலிருந்து வந்த பைப்ரோபிளாஸ்டில் நல்ல பிரதி ஒன்று மிச்சம் இருந்தது, சுவான் கலங்களில் ஒரு பகுதிக்கு இரண்டுமே இல்லை. அது மட்டுமல்ல. ஒரே ஆளின் இரண்டு கட்டிகளை எடுத்தால் முதல் கோளாறு இரண்டிலும் ஒன்றே, இரண்டாவது கோளாறு மட்டும் கட்டிக்குக் கட்டி வேறுபடும். ஒவ்வொரு கட்டியும் தன் பாட்டில் தொடங்கியிருக்கிறது என்பது அதில்தான் தெரிகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

மட்டக்களப்பு டொக்டர் அண்ணா "இரண்டாம் விகாரம்" என்கிறார். பரம்பரையலகில் ஏற்படும் மாற்றத்துக்கு, உயர்தர உயிரியலில் நாம் எல்லோரும் படித்த சொல்தான். ஆனால் அண்ணா, முகத்திலும் கையிலும் கட்டி உள்ள ஒருவரிடம் "உங்களுக்கு இரண்டாம் விகாரம்" என்று உங்களால் சொல்ல முடியுமா? பாடப்புத்தகத்துக்கு வெளியே விகாரம் என்றால் அவலட்சணம். தவிர, எல்லா விகாரமும் கெடுதல் செய்வதில்லை. நமக்கு வேண்டியது வேலையை நிறுத்திவிட்ட விகாரத்துக்கு மட்டும் ஒரு பெயர்.

சென்னைத் தம்பியின் "இணையிழப்பு" அழகான சொல். கேட்டதும் பிடித்துவிட்டது. ஒரே தடை, இழப்பு என்பது நடக்கும் வழிகளில் ஒன்று மட்டும்தான். சில கட்டிகளில் நல்ல பிரதி இருந்த நிறமூர்த்தப் பகுதியே காணாமல் போகிறது. வேறு சிலவற்றில் பிரதி அங்கேயே இருக்கிறது, ஓர் எழுத்து மாறிப் புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. முதலாவதுக்கு இணையிழப்பு என்று தனியாக ஒரு பதிவு போடுவோம், அதற்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. (இணைய இழப்பு என்று தட்டச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இரண்டுக்கும் பொதுவாக நான் கேட்பது "முடக்கம்". பிரதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை முடங்கிவிட்டது என்பதை மட்டும் அது சொல்கிறது. கருதுகோள் "இருமுடக்கக் கருதுகோள்" ஆகும். வளர்ப்புக் குடுவையில் ஒட்டும் பெயருக்கும் உதவும்: நோயாளியின் தோலிலிருந்து வளர்த்தது ஒருமுடக்கக் கலம், கட்டியிலிருந்து பிரித்தது இருமுடக்கச் சுவான் கலம். ஜப்பானிய ஆய்வாளர் யமனாகாவின் முறைக்குப் பிறகு தோல் கலத்தையே வேறு கலங்களாக வளரக்கூடிய குருத்தணுவாக மாற்றி, மிச்சமுள்ள நல்ல பிரதியை, பரம்பரையலகை வெட்டும் கிரிஸ்பர் கருவி கொண்டு ஆய்வாளரே நிறுத்தி, அதிலிருந்து சுவான் கலம் உண்டாக்கிப் பார்க்கிறார்கள். அங்கே "முடக்கினார்கள்" என்று இயல்பாக எழுதலாம். "இரண்டாம் அடி கொடுத்தார்கள்" என்று எழுதிப் பாருங்கள், பொலிஸ் செய்தி போலிருக்கும். கொரோனாக் கால ஊர்முடக்கம் ஞாபகம் வருமே என்று ஒருவர் கேட்டார். வரட்டும், அதில் யாருக்கும் தவறான வைத்திய விளக்கம் போய்ச் சேராது.

கலமா, செல்லா, உயிரணுவா என்ற பழைய சண்டைக்கு இன்று நான் வரவில்லை. கையேடு இலங்கை வாசகருக்கு, ஆகவே கலம்.

அப்புறம் கையேட்டின் தலைப்பு. "பரம்பரைக் கட்டி நோய்" என்றிருப்பதை எனக்கு விட மனமில்லை, வைத்துக்கொள்ளவும் மனமில்லை. இந்த நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் தங்கள் குடும்பத்தில் முதல் ஆள், தாய்க்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை. அந்த வீடுகளில் "பரம்பரை" என்ற சொல் எந்தப் பக்கத்தைக் குற்றம் சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கடத்த இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதும் உண்மை, அதை மறைக்கவும் கூடாது. "பிறவிக் கட்டிச்சார்பு" என்று ஒன்று யோசித்தேன், நாக்கில் புரளவில்லை. டொக்டர் அண்ணா, நீங்கள் கிளினிக்கில் வாயால் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள், அங்கிருந்து தொடங்குவோம்.