ஹபிள் மாறிலி 67ஆ, 73ஆ? சராசரி எடுத்தால் என்ன தப்பு?

பூன்லே_பாலா:
சிங்கப்பூர்த் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கான பயிற்சித்தாள் இது; ஹபிள் மாறிலி, அதாவது பிரபஞ்சம் இப்போது விரியும் வீதம் பற்றியது. பிளாங்க் செயற்கைக்கோள் தருவது 67.4 ± 0.5. சீஃபீடு (பொலிவு ஏறி இறங்கும் விண்மீன்), சூப்பர்நோவா (விண்மீன் வெடிப்பு) வழியாகத் தூரம் அளந்து ஷூஸ் ஆய்வுக் குழு 2022இல் தந்தது 73.04 ± 1.04. (அலகு: மெகாபார்செக்குக்கு, விநாடிக்கு கி.மீ.) எடையிட்ட சராசரி 68.5 வருகிறது. அதோடு முடிக்கலாமா?

ஏணிப்படி:
கூடாதுங்க. முதலில் வித்தியாசத்தைப் பிழையால் வகுக்கச் சொல்லுங்கள்: 5.64 ÷ √(1.04² + 0.5²) = 4.9. இவ்வளவு விலகிய இரண்டைச் சேர்த்தால் ±0.45 என்று பொய்யான துல்லியம்தான் கிடைக்கும். இன்னொன்று, 67.4 நேரடியாக அளந்ததல்ல. ஆதிக்கால நுண்ணலை ஒளியில் லாம்டா சிடிஎம் (இருண்ட ஆற்றலும் குளிர் இருண்ட பொருளும் கொண்ட பிரபஞ்ச) மாதிரியைப் பொருத்தி, இன்றைய நிலைக்குக் கணக்கிட்டது.

அடுத்து, இடைவெளியைப் பொலிவெண்ணாக (விண்மீன் பிரகாசத்தின் அளவு; எண் சிறிதானால் பிரகாசம் அதிகம்) மாற்றுங்கள்: 5 log(73.04/67.4) = 0.17. யார் எந்தக் குறை சொன்னாலும் அது இந்த 0.17ஐத் தர வேண்டும், அதுவும் சரியான திசையில். பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்தால் சீஃபீடு பிரகாசமாகத் தெரியும், விண்மீன்திரள் கிட்டத்தில் இருப்பதாகப் படும், மாறிலி ஏறும். திசை சரிதான். ஆனால் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் கூர்மையான படங்களிலும் சீஃபீடுகளின் சராசரிப் பொலிவு மாறவில்லை.

தெமாசெக்_வானம்:
அதற்காகத் தூர ஏணியை (கிட்டத்துத் தூரத்தை வைத்து அடுத்த தூரத்தைப் படிப்படியாக அளக்கும் முறை) அப்படியே நம்பிவிட வேண்டாம். கையா விண்கலம் அளக்கும் இடமாறு தோற்றத்தில் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் நகர்வதாகத் தெரியும் கோணம்) 0.02 மில்லி ஆர்க்விநாடி அளவுக்குப் பூச்சியப் பிழை உண்டு. 1 கிலோபார்செக்கில் அது 2%, 2.5 கிலோபார்செக்கில் 5%! நல்ல வேளை, என்ஜிசி 4258 விண்மீன்திரளின் மேசர் (இயற்கையான நுண்ணலைக் கதிர்) தூரமும் பெரிய மெகல்லன் மேகம் எனும் அண்டைத் திரளின் இரட்டை விண்மீன் தூரமும் கையாவைச் சாராதவை. மூன்றில் எதை மட்டும் வைத்தாலும் 72க்கும் 74க்கும் நடுவில்தான் நிற்கிறது. என் சந்தேகம் வேறு: சீஃபீடுக்குப் பதில் செம்பூத உச்சியை (செம்பூத விண்மீன்கள் எட்டும் உச்சப் பொலிவு) வைத்த ஃப்ரீட்மன் குழு 2019இல் 69.8 பெற்றது. அதிலும் கடைசிப் படி அதே சூப்பர்நோவாதான்.

பூன்லே_பாலா:
அப்போ ஏணியே இல்லாத வழி?

ஏணிப்படி:
ஈர்ப்பு அலை. 2017இன் நியூட்ரான் விண்மீன் மோதல் தந்தது 70, பிழை +12, −8. அதாவது ஏறக்குறைய 15%. N மோதல்களைச் சேர்த்தால் பிழை √N மடங்கு குறைவதால் 2% எட்ட இப்படி ஐம்பது மோதல் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒளியும் தெரிய வேண்டும். சுற்றுப்பாதையின் சாய்வு தூரத்தோடு குழம்புவதுதான் பெரிய தலைவலி.

தெமாசெக்_வானம்:
பயிற்சித்தாளில் ஒரு செய்முறையும் சேருங்கள். ஈட்டா அக்குய்லே ஒரு சீஃபீடு, நடுவரை விலக்கம் (வான நடுவரையிலிருந்து உள்ள கோணத் தூரம்) +1°, ஆகவே நம் தலைக்கு நேர் மேலே கடக்கும். செப்டம்பரில் இரவு 9 மணிவாக்கில், ஆல்டேருக்கு 8° தெற்கே. 7.2 நாளில் பொலிவெண் 3.5க்கும் 4.4க்கும் இடையே ஏறி இறங்கும். பீட்டா அக்குய்லே 3.7, அதோடு ஒப்பிட்டால் போதும். நம்மூர் வெளிச்சத்துக்குப் பைனாகுலர் தேவை, பலமாடிக் கார்நிறுத்த மேல்தளம் தோது. மேகம் விட்டால் சரி.