ஏப்ரலில் பென் நெவிஸ் ஏறலாமா? ஃபோர்ட் வில்லியத்தில் 14 டிகிரி, வெயில் என்று போன் காட்டுகிறது

சேலத்துப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கிளாஸ்கோவில் எம்.எஸ்சி. படிக்கிறேன். சித்திரை ஒண்ணு முடிஞ்சு வர்ற சனிக்கிழமை நாங்க நாலு பேர் பென் நெவிஸ் (ஸ்காட்லாந்துல இருக்கு, பிரிட்டன்லயே உயரமான மலை) ஏறலாம்னு இருக்கோம். வெள்ளிக்கிழமை ராத்திரி மலை அடிவாரத்து ஊரான ஃபோர்ட் வில்லியத்துல தங்க ரூம் போட்டாச்சு. போன்ல பார்த்தா சனிக்கிழமை அங்க 14 டிகிரி, வெயில்னு இருக்கு. நானும் இன்னொருத்தனும் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ரெண்டு தடவை ஏறியிருக்கோம். மத்த ரெண்டு பேருக்கு இதுதான் முதல் மலை. எல்லாருக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூ, ஆளுக்கு ஒரு ஜாக்கெட். இது போதுமா? கிராம்பான் (பனியில வழுக்காம இருக்க ஷூ அடியில மாட்டுற இரும்பு முள்) வாடகைக்கு எடுக்கணும்னு ஒருத்தர் சொன்னார். வசந்த காலத்துல அது எதுக்கு?

லண்டன்வாசி:

தாராளமா போகலாம் ப்ரோ. நான் போன ஜூலைல டிஷர்ட்லயே போயிட்டு வந்தேன், ஏறி இறங்க ஏழரை மணி நேரம். பாதை பளிச்சுனு இருக்கும், கூட்டத்தோட போயிடலாம். தண்ணி மட்டும் நிறைய எடுத்துக்கோங்க.

இன்வர்னஸ் வசந்தி:

தம்பி, ஜூலையில போனவர் சொல்றது ஜூலைக்குச் சரி. ஏப்ரல்ல அந்தப் பாதையோட மேல் பாதி பனிக்கு அடியில கிடக்கும். பளிச்சுனு தெரியுறதுக்கு அங்க பாதையே இருக்காது.

நான் தூத்துக்குடிக்காரி. நர்ஸ் வேலைக்கு இங்க வந்து 16 வருஷம் ஆச்சு. லீவு கிடைச்சா நானும் வீட்டுக்காரரும் மலைக்குத்தான் போவோம். உங்க கேள்வியைப் படிச்சதும் மனசு கேட்கல, அதான் நீளமா எழுதுறேன்.

முதல்ல அந்த 14 டிகிரி. அது ஊருக்கு. ஃபோர்ட் வில்லியம் கடல் ஓரத்துல இருக்கு, உச்சி 1345 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும்னு வச்சுக்கிட்டா உச்சியில 5 டிகிரி. மணிக்கு 60 கிலோமீட்டர் காத்தும் சேர்ந்தா உடம்புக்கு அது மைனஸ் 2 மாதிரி. இதெல்லாம் நல்ல நாள் கணக்கு. வடக்கு காத்து திரும்பிட்டா மே மாசத்துலயும் மேல பனி கொட்டும். 1883-லருந்து 1904 வரைக்கும் உச்சியிலேயே ஆளுங்க தங்கி மணிக்கு மணி வானிலையை எழுதி வச்சாங்க. அவங்க கணக்குல அந்த உச்சியோட வருஷ சராசரியே பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழதான். அந்தக் கட்டடத்தோட இடிபாடு இன்னும் இருக்கு, ஏப்ரல்ல அது பனியில பாதி புதைஞ்சு கிடக்கிறதைப் பார்த்திருக்கேன்.

ரெண்டாவது, இந்த மாசத்துப் பனி. பகல்ல இளகி, ராத்திரி இறுகி, திரும்ப இளகி, காலையில கெட்டித் தரை மாதிரி ஆயிடும். பூட்ஸ் விளிம்பால ஓங்கிக் குத்தினாலும் நகம் கீறின அளவுதான் தடம் விழும். ஸ்போர்ட்ஸ் ஷூ அதுல நிக்கவே நிக்காது. சறுக்கினா பிடிச்சுக்க ஒரு புல் கூட இல்ல. கிராம்பான், ஐஸ் ஆக்ஸ்ங்கிற பனிக்கோடாலி ரெண்டும் அதுக்குத்தான். ஆனா வாடகைக்கு எடுத்தா மட்டும் போதாது. சறுக்கும்போது கோடாலியை எப்படிக் குத்தி நிக்கிறதுன்னு ஒரு நாளாவது பழகியிருக்கணும். பனிச்சரிவு பத்தித் தினம் அறிக்கை போடுற ஸ்காட்டிஷ் அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் வழக்கமா ஏப்ரல் பாதியோட நிறுத்திடுவாங்க. அறிக்கை நின்னதால பனி போயிட்டதா யாரும் நினைச்சுடக் கூடாது.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். எட்டு வருஷம் முன்னாடி இதே ஏப்ரல், இங்கயே இன்னொரு மலை, கெய்ர்ன் கார்ம். கார் பார்க்ல நல்ல வெயில், நான் ஸ்வெட்டரைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் ஏறினேன். 1141 மீட்டர்ல ஒரு கல்குவியல் இருக்கு. அங்க தலையை நீட்டினதும் காத்து ஆளைத் தள்ளுது. (1986 மார்ச் 20 அன்னிக்கு அந்த மலை உச்சியில மணிக்கு 173 மைல் காத்து பதிவாகியிருக்கு. அதுவும் வசந்தம் பிறக்கிற நேரம்தான்.) மேப் எடுக்கக் கையுறையைக் கழட்டினேன். அடுத்த நொடி கையுறை போயிடுச்சு, எங்க போச்சுன்னு கூடப் பார்க்க முடியல. அப்புறம் ஜவ்வரிசி மாதிரி பனிக்குருணை கன்னத்துல வந்து அறையுது. பத்து நிமிஷத்துல தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, வீட்டுக்காரரோட சிவப்பு ஜாக்கெட் மட்டும்தான் தெரியுது. விரல் அஞ்சும் வெளுத்துப் போய் ஜிப்பை இழுக்க முடியல, அவர்தான் பல்லால கடிச்சு இழுத்து மூடிவிட்டார்.

நேராத்தான் போறோம்னு நினைச்சு நடந்தோம். ஒரு நிமிஷம் மேகம் விலகுச்சு. பத்தடி முன்னால பனியில பென்சில் கோடு போட்ட மாதிரி ஒரு விரிசல். அதுக்கு அந்தப் பக்கம் தரையே கிடையாது. காத்து பனியை அள்ளி அள்ளி மலை விளிம்புக்கு வெளியே வீட்டுத் தாழ்வாரம் மாதிரி நீட்டி வச்சிருக்கும். கார்னிஸ்னு சொல்வாங்க. மேல நின்னு பார்த்தா தரை மாதிரியே இருக்கும், அடியில அந்தரம். அங்கருந்து காம்பஸைப் பிடிச்சுக்கிட்டு வந்த வழியே இறங்கிட்டோம். பென் நெவிஸ்லயும் உச்சிகிட்ட பாதை இப்படி ஒரு வடக்கு விளிம்பை ஒட்டித்தான் போகுது தம்பி. அங்க கார்னிஸ் மே மாசம் தாண்டியும் நிக்கும்.

அதனால போன்ல ஊர் வானிலையை விட்டுடுங்க. மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ்ல வெஸ்ட் ஹைலாண்ட்ஸ் பக்கத்தை வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் படிங்க. உறைநிலை எந்த உயரத்துல, மலைமேல காத்து எவ்வளவு, மேகம் எந்த உயரத்துக்கு இறங்கும்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. காத்து 40 மைலைத் தாண்டினா நானே போக மாட்டேன். வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற பலம் நாலு மடங்கு. ஓடையையும் பாருங்க. காலையில தாண்டிப் போன ஓடை, வெயில்ல பனி உருகி மழையும் சேர்ந்தா சாயங்காலம் தாண்ட விடாது.

நெவிஸ் அடிவாரம்:

தம்பி, நான் இஞ்சை ஃபோர்ட் வில்லியத்தில 11 வருசமா இருக்கிறன். அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஒண்டு மட்டும் சேர்க்கிறன். மேகம் மூடினால் உச்சிக் கல்தூணில இருந்து காம்பஸில 231 பாகைத் திசையில 150 மீட்டர், பிறகு 282 பாகை. இதுதான் இறங்கிற வழி. முதல் துண்டில வலப்பக்கம் கார்டிலூ கல்லி, அடுத்ததில இடப்பக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி, ரெண்டும் ஆளை விழுங்கிற பள்ளம். கனபேர் இந்த இலக்கத்தைப் பாடமாக்கி வைச்சிருக்கினம். ஆனால் காத்துக்குள்ள காலடி எண்ணி 150 மீட்டர் அளக்கத் தெரியாட்டி அது உதவாது. ஏதும் நடந்தால் 999 அடிச்சு முதல் பொலிஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ எண்டு கேளுங்கோ. வாறது எல்லாம் சம்பளமில்லாமல் வாற ஊர்ச் சனம், காசு வாங்கிறேல்ல. விசில் எண்டால் நிமிசத்துக்கு ஆறு தரம் ஊதிப்போட்டு ஒரு நிமிசம் விட்டு ஊதுங்கோ.

சேலத்துப் பையன்:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னிக்கு வியாழன், அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். உறைநிலை 700 மீட்டர், மேல காத்து 45 மைல், பனித் தூறல், 800-க்கு மேல மேகம். போன்ல 14 இப்ப 9 ஆயிடுச்சு, ஆனா சூரியன் படம் அப்படியே இருக்கு. உச்சியை விட்டுட்டோம். ரூம் கேன்சல் பண்ண முடியாது, அங்க வேற எங்க போகலாம்?

இன்வர்னஸ் வசந்தி:

ரொம்ப சந்தோஷம் தம்பி. கிளென் நெவிஸ் பள்ளத்தாக்குல ரோடு முடியுற இடத்துலருந்து ஸ்டீல் அருவிக்கு நடங்க. 120 மீட்டர் உயரத்துலருந்து விழுது, பனி உருகுற நேரம்கிறதால இப்ப தண்ணி நிறைய இருக்கும். பாதை குறுகல், பாறை ஈரமா வழுக்கும், ஒரு பக்கம் பள்ளம், வரிசையா போங்க. அருவிகிட்ட ஒரு கம்பிப் பாலம் இருக்கு, ஆத்துல தண்ணி அதிகமா இருந்தா அதுல ஏறாம இந்தப் பக்கம் நின்னே பாருங்க. கையுறை ஆளுக்கு ரெண்டு ஜோடி எடுத்துக்கோங்க. எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு தங்குற இடத்துல சொல்லிட்டுக் கிளம்புங்க. ஞாயித்துக்கிழமை இங்க வந்து ஒரு வரி எழுதிடுங்க, பார்த்துக்கிட்டிருப்பேன்.